என் கல்புக்கு டொக்டர் தந்த பத்து நாள்

இதை எழுதுவதற்கு என்னை உயிரோடு விட்டுவைத்த ரப்புக்கே எல்லாப் புகழும். வாசிக்கிற உங்கள் எல்லோர்மீதும் அவனுடைய ஸலாம் இறங்கட்டும்.

எண்பத்திரண்டாம் வருஷம், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டாவது கிழமை. எனக்கு வயது இருபத்திமூன்று. சவூதியில் ஒரு கட்டடக் கம்பனியின் முகாமில் ஸ்டோர் கிளாக்காக இருந்தேன். அந்தக் கிழமைதான் ஒரு டொக்டர் என் முகத்தைப் பார்த்து, உனக்கு இன்னும் பத்து நாள் என்று சொன்னார். அப்படித்தான் எனக்கு விளங்கியது. ஊரில், மருதமுனையில், என் உம்மா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம், நான் இங்கே கபுறுக் குழிக்கு நாள் எண்ணத் தொடங்கினேன்.

முதலில் வருத்தத்தைச் சொல்கிறேன். ஒரு மாதமாக நெஞ்சுக்குள் எரிவு. சாப்பிட்டாலும் நோகும், சாப்பிடாவிட்டாலும் நோகும். நடு நெஞ்சில் யாரோ தணல் கட்டியை வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி. சில வேளை மூச்சே நின்றுவிடும்போல் இருக்கும்.

முகாமில் ஒருவனுக்கு வருத்தம் வந்தால் என்ன செய்வான்? கிழமையில் இரண்டு நாள் கம்பனி கிளினிக் திறக்கும். அங்கே இருந்த கம்பவுண்டர் பல்வலிக்கும் வயிற்றோட்டத்துக்கும் ஒரே குளிசையைத்தான் தருவார். கடைத்தெருவில் மருந்துக்கடை உண்டு. இரண்டையும் தாண்டினால், கம்பனிக் கடிதத்தோடு அரசாங்க ஆஸ்பத்திரி. ஆனால் நம்மூர் ஆட்கள் இவை மூன்றுக்கும் முதல் போவது கபூர் காக்காவின் டின்னுக்குத்தான்.

கபூர் காக்கா ஒலுவில் ஊர் ஆள், எங்கள் எல்லோருக்கும் அண்ணன் மாதிரி. மேசன். அவருடைய கட்டிலுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின். லீவில் ஊருக்குப் போகிறவர்கள் மிச்சம் விட்ட குளிசைகளெல்லாம் அதற்குள் ஒன்றாய்க் கிடக்கும். உறையும் இல்லை, பெயரும் இல்லை. நிறத்தைப் பார்த்துத்தான் வைத்தியம்.

“வெள்ளப் பெரிசு நோவுக்கு. மஞ்சச் சின்னன் காய்ச்சலுக்கு.”

“நோவும் காய்ச்சலும் சேந்து வந்தா, காக்கா?”

“ரெண்டையும் போட்டுட்டு தேத்தண்ணியக் குடி மனெ. உள்ளுக்குப் பெய்த்து அதுகள் பங்கு பிரிச்சிக்கும்.”

வெயிலில் வந்த தலையிடிக்காக அந்த வெள்ளைப் பெரிசை நான் நாளைக்கு மூன்று போட்டுக்கொண்டிருந்தேன். வெறும் வயிற்றில். இது உங்கள் நினைவில் இருக்கட்டும்.

நெஞ்சு நோகிறது என்றதும் காக்கா தைலப் போத்தலோடு வந்தார். நல்ல மனிதர். ஆனால் கை சீமெந்துக் கை. அவர் தேய்த்து முடித்தபோது நெஞ்சில் நாலு சிவப்புக் கீறல். எரிவு உள்ளே இருந்தது போதாதென்று வெளியேயும் வந்தது. சரி, ஆஸ்பத்திரிக்கே போவோம் என்று கடிதம் எடுத்தேன்.

தனியாகத்தான் போனேன். எனக்கு என்ன பயம்? பள்ளிக்கூடத்தில் அரபுப் பாடத்தில் திறமைச் சித்தி. அதற்கு முதல் ஏழு வருஷம் மத்ரஸாவில் லெப்பையின் பிரம்புக்குக் கீழே ஓதினவன். முகாமில் நம்மூர் ஆட்கள் எல்லோருக்கும் நான்தான் வாய். யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் என்னைத்தான் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள். டொக்டர் சொல்வதில் கால்வாசி எனக்கு விளங்கும். மிச்ச முக்கால்வாசியை நான் நிரப்புவேன்.

டொக்டர் எகிப்து நாட்டவர், மிஸ்ரி. தாடி நரைத்தவர். என்ன வருத்தம் என்று கேட்டார். நெஞ்சுக்கு அரபு என்ன? எனக்கு வந்த ஒரே சொல் கல்பு. ஊரில் நாம் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு கல்பு என்றுதானே சொல்கிறோம்! கை வைத்துக் காட்டி, “கல்பீ” என்றேன். என் கல்பு. நோவுக்கும் ஒரு சொல் போட்டேன்.

டொக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சேட்டைக் கழற்றச் சொன்னார். அந்த நாலு கீறலையும் குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

“எங்கே இருக்கிறது உன் கல்ப்?” என்று கேட்டார்.

இதென்ன கேள்வி, டொக்டருக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டு நெஞ்சைத் தட்டினேன். “இங்கேதான்.”

“எவ்வளவு காலமாக உன்னிடம் இருக்கிறது?”

“பிறந்ததிலிருந்து.”

அவருடைய புருவம் உயர்ந்தது. “இப்போது உயிரோடு இருக்கிறதா?”

எனக்கு வியர்த்துவிட்டது. “இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். இடைக்கிடை நிற்கிற மாதிரி இருக்கும்.”

காதில் வைக்கும் குழாயை அவர் என் நெஞ்சில் வைக்கவேயில்லை. குழாய் வைத்துப் பார்க்கிற கட்டத்தையெல்லாம் தாண்டிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன். தாதியைக் கூப்பிட்டுப் புஜத்தில் ஒரு ஊசி போடச் செய்தார். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் வரச் சொன்னார். பிறகு விரல்களை விரித்துக் காட்டி மெதுவாக ஒன்று சொன்னார். அதில் நாலு சொல் எனக்கு வடிவாக விளங்கியது. கல்ப். பத்து நாள். மௌத்து. வா.

மிச்சத்தை வழக்கம்போல நானே நிரப்பினேன்: உன் கல்பைப் பத்து நாள் கவனித்துப் பார். மௌத்தானால் உடனே வா.

கல்பு மௌத்தாகி நானும் செத்த பிறகு எப்படி வருவது? அதைக் கேட்க எனக்கு அரபு வரவில்லை.

முகாமுக்கு வந்து கட்டிலில் விழுந்தேன். கபூர் காக்கா வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார்.

“என்னடா செல்றான் டொக்டர்?”

“பத்து நாளாம் காக்கா.”

“லீவா?”

“ஹயாத்து. உசிரோட இரிக்க.”

அவர் என் போர்வையை இழுத்து மூடிவிட்டார். பிறகு, “டொக்டர்மாருக்கு என்னடா தெரியும்? எங்கட ஊருல ஒராளுக்கு மூணு நாள் எண்டு செல்லி அனுப்பினாங்க. அவன் மறுகா ரெண்டாங் கலியாணமும் முடிச்சான்” என்றார். எனக்கு ஆறுதல் வரவில்லை. முதல் கலியாணமே நடக்கவில்லையே எனக்கு.

செய்தி பரவியது. ஒருவர் தோடம்பழம் கொண்டுவந்தார். இன்னொருவன் என் கெசட் ரேடியோவைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது நல்லாப் பாடுமா மச்சான்?” என்று மெதுவாகக் கேட்டான். என்னிடம் இருந்ததை யாருக்குக் கொடுப்பது என்று வஸிய்யத்து எழுதினேன். உம்மாவுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். ஆனால் அது போய்ச் சேர மூன்று கிழமையாகும். எனக்கு இருப்பதோ பத்து நாள். கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

மௌத்துக்கு முதல், செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்க வேண்டும் அல்லவா? நாலாம் நாள் கபூர் காக்காவிடம் போனேன்.

“காக்கா, ஒங்கட முழங்கால் நோவுக்கு நான்தானே டொக்டருக்கிட்ட கூட்டிப் பெய்த்தேன்.”

“ஓம்.”

“அவர் என்ன செய்யச் சொன்னார் எண்டு எனக்கு விளங்கல்ல. மீன் திங்க வேணாமெண்டு நானாத்தான் சொன்னேன். மாப்பு செய்ங்க.”

ஒலுவில் மனிதர். கடல் வாசத்தில் பிறந்து வளர்ந்தவர். மூன்று மாதம் மீனைக் கையால் தொடவில்லை.

“அப்ப அண்டைக்கு ஆக்கின அந்தப் பாரைக் கறி?”

“திண்டிருக்கலாம் காக்கா.”

“நீ நோயில மௌத்தாக மாட்டாய்டா. என்ட கையாலதான் மௌத்தாகுவாய்!” என்று எழும்பிப் போனார். ஆனால் அன்று ளுஹர் தொழுகையில் அவர் எனக்காக நீண்ட நேரம் கையேந்தி அழுததை நான் கண்டேன். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.

அது வரைக்கும் நான் கேட்ட துஆவெல்லாம் படித்தவன் கேட்கிற துஆ. மனப்பாடமாக இருந்த அரபை அடுக்கிக்கொண்டே போவேன். அன்றைக்குத்தான் முதன்முறை மருதமுனைத் தமிழில் கேட்டேன். யா அல்லாஹ், என்ட நெஞ்சுக்குள்ள என்ன இரிக்கி எண்டு ஒனக்குத் தெரியும். எனக்குத் தெரியல்ல. அந்த டொக்டர் கேக்கிறதும் எனக்கு விளங்கல்ல, நான் செல்றதும் அவருக்கு விளங்கல்ல. நான் விளங்கின மாதிரி நடிச்சது பிழை. உம்மாட முகத்தக் காட்டாம என்ன எடுத்துராத. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீயே ஒரு சொல்ல வை.

இதைத்தான் கேட்டேன். மூன்று நாளாக, ஒவ்வொரு தொழுகையிலும், வேறெதையும் கேட்கவில்லை.

ஏழாம் நாள் பின்னேரம் மூன்றாவது ஊசிக்குப் போனேன். போன முறை போலவே டொக்டர், “கல்ப் எப்படி?” என்று கேட்டார். “இன்னும் இருக்கிறது” என்றேன். ஊசி போட்டு முடிய மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. ஆஸ்பத்திரி நடையின் முடிவில் தொழுகைக்குப் பாய் விரித்திருந்தார்கள். நானும் போய் நின்றேன். பார்த்தால், இமாமாக முன்னுக்கு நிற்பவர் அதே டொக்டர்.

அவர் ஓதிய குரல் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. இரண்டாவது ரக்அத்தில் ஒரு சின்ன சூறாவை எடுத்தார். நாம் எல்லோரும் பால்பல் விழ முதலே பாடமாக்கிய சூறா. ஆயிரம் தரம் ஓதியிருப்பேன். முதல் வரியின் கடைசிச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது. ஸத்ர்.

ஸத்ர் என்றால் நெஞ்சு!

லெப்பை பிரம்பால் நெஞ்சில் தொட்டுச் சொல்லித் தந்த சொல். தினமும் என் நாக்கில் இருந்த சொல். ஏழு நாளாக நான் தேடாத இடம் என் நாக்கு ஒன்றுதான். தொழுகைக்குள் கத்திவிடாமல் என்னைப் பிடித்துக்கொண்டது பெரும்பாடு. ஸலாம் கொடுத்ததுதான் தாமதம், முழங்காலாலேயே முன்னுக்குப் போய் அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

“டொக்டர்! ஸத்ரீ! ஸத்ரீ!” என்று நெஞ்சில் குத்திக் காட்டினேன். உள்ளே நெருப்பு என்றேன். நெருப்புக்கு அரபு எனக்கு நன்றாகவே தெரியும். நம்மை அதைச் சொல்லித்தானே பயங்காட்டி வளர்த்தார்கள்.

“உன் ஸத்ரா? அப்போ கல்ப்?”

“கல்பும் ஸத்ருக்குள்ளேதானே இருக்கிறது!”

டொக்டர் என்னையே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, என் ஊசித் துண்டுச்சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு சொல் எழுதி, எது என்று கேட்டார். வாசிக்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? முதல் சொல் பெரிய காஃபில் தொடங்கியது. இருதயம். இரண்டாவது சின்ன காஃபில் தொடங்கியது. நாய்.

நம்மட ஊர் வாயில் இரண்டு காஃபும் ஒரே ‘க’தான். நான் அந்த மனிதரிடம் போய், என் நாய், என் நாய் என்று நெஞ்சைக் காட்டியிருக்கிறேன். அவர் கீறலைப் பார்த்துவிட்டு, நாய் எங்கே என்று கேட்டிருக்கிறார். பிறந்ததிலிருந்து என்னோடு இருக்கிற நாய்! அதை அடைத்து வைத்துப் பத்து நாள் கவனி, செத்துப்போனால் உடனே வா என்றிருக்கிறார். எனக்குப் போட்ட மூன்றும் விசர்நாய்க்கடி ஊசி.

நான் முதல் சொல்லில் விரலை வைத்தேன். டொக்டர் பாயிலேயே சாய்ந்து சிரித்தார். தாடி நனையச் சிரித்தார். தஸ்பீஹ் எண்ணிக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிப்போய், முதல் தடவையாக அந்தக் குழாயை வைத்தார். இருதயம் குதிரை மாதிரி ஓடுகிறது என்றார். என்ன குடிக்கிறாய், என்ன தின்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விளங்காததை விளங்கவில்லை என்றேன். அவர் எழுதிக் காட்டினார். மடியில் கிடந்த வெள்ளைப் பெரிசு ஒன்றையும் காட்டினேன். அதுதான் ஆள்! வெறும் வயிற்றில் அந்த நோவுக் குளிசை இரைப்பையைப் புண்ணாக்கி வைத்திருக்கிறது. அதை நிறுத்து, சம்பலைக் குறை, நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்லி, சுண்ணாம்புத் தண்ணி மாதிரி ஒரு மருந்தும் தந்தார்.

மூன்று கிழமையில் நெஞ்சு குளிர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். கபூர் காக்காவை மறுபடி கூட்டிப்போனேன். இந்த முறை டொக்டர் எழுதிக் காட்டியதை மட்டும் சொன்னேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடமாம். காக்கா டொக்டரைப் பார்த்து, “மீன்?” என்று தமிழிலேயே கேட்டார். கையால் மீன் நீந்துகிற மாதிரியும் காட்டினார். டொக்டர் தின்னலாம் என்று தலையாட்டினார். காக்காவுக்கு வேறு மருந்து தேவைப்படவில்லை. டின்னையும் அவரே கொண்டுபோய்க் கொட்டினார்.

பயணம் போகக் காத்திருக்கும் சகோதரர்களே, போனவர்களே, ஒன்று சொல்கிறேன். வருத்தம் வந்தால் எந்த இடம் நோகிறது என்று விரலால் காட்டுங்கள். விளங்காவிட்டால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அடுத்தவன் மிச்சம் விட்ட குளிசையை விழுங்காதீர்கள். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்படாதீர்கள், அந்த வெட்கம் எனக்கு மூன்று ஊசி போட வைத்தது. இதையெல்லாம் செய்துகொண்டே கையையும் ஏந்துங்கள். டொக்டருக்குச் சொல் பிழைத்தால் நாய்க்கடி ஊசிதான் கிடைக்கும். அல்லாஹ்வுக்குச் சொல் பிழைத்தாலும் நெஞ்சு போய்ச் சேரும். இதை நான் கண்டவன்.

அடுத்த வருஷம் லீவில் ஊருக்கு வந்தேன். இப்போது விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு லெப்பையிடம் மறுபடி ஓதப் போகிறேன், சின்னப் பிள்ளைகளோடு அதே பாயில். என்னைவிட அவர்களுக்குப் பெரிய காஃப் நன்றாக வருகிறது. போகட்டும்.

டொக்டர் சொன்ன பத்து நாளும் முடிந்து, முகாமில் பதினோராம் நாள் சுபஹுக்கு நான் கண் விழித்தேன். பிழையாக விளங்கிய மௌத்துதான். ஆனாலும் அந்தக் காலை எனக்குப் புதிதாகக் கிடைத்ததுதான். தலையணைக்குக் கீழே கிடந்த கடிதத்தைக் கிழித்துவிட்டு உம்மாவுக்கு வேறொன்று எழுத உட்கார்ந்தேன். முதல் வரியில் இப்படி எழுதினேன்: உம்மா, நான் சுகம், பெண் பார்க்கிறதை நிப்பாட்டிப்போட வேணாம்.