குமுட்டியும் மூடிய ஜன்னலும்

போன வாரம் சங்குமுகம் கடற்கரையில் சோளம் சுடுகிறவனின் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் விசிறியால் நாலு தட்டுத் தட்டினான், பொறி பறந்தது, எனக்கு வலது பொட்டில் விண்ணென்று ஒரு வலி. அவ்வளவு கடற்காற்றில் யாருக்காவது தலை வலிக்குமா? எனக்கு வலித்தது. அது இன்றைய தலைவலி இல்லை, யுத்த காலத்துத் தலைவலி.

சொல்கிறேன். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கரமனை அக்ரகாரத்துக்கு வந்திருந்தேன். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர், அவருடைய அம்மா, நான், மூன்றே பேர். மாமியாரும் எனக்கு ஆறு மாதம் முன்னால்தான் பிள்ளையோடு இருக்கலாம் என்று ஊரிலிருந்து வந்தவர். ஆகவே மலையாளம் கலந்த இந்த ஊர்ப் பேச்சு எங்கள் இருவருக்குமே தகராறு. வாடகைக்கு எடுத்த பின்கட்டில் அடுக்களை என்று ஓர் அறை இருந்தது. ஒரு கதவு, ஒரு ஜன்னல், தலைக்கு மேல் மரத்தட்டுக் கூரை. தட்டு கறுத்துவிடும், விறகு மூட்டக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கரி போட்டு எரிக்கிற குமுட்டி அடுப்பு. ஊதுகுழலும் கண்ணீருமாக வளர்ந்தவள் நான். புகையில்லாத அடுப்பு என்றதும் தலைகால் புரியவில்லை. புகை இல்லையென்றால் பயமும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை சமர்த்து பாருங்கள்!

மாமியார் மடி பார்ப்பவர். குளித்து, யாரும் தொடாமல் உலர்த்திய புடவையைச் சுற்றிக்கொண்டு அடுக்களைக்குள் போனால், சமையல் முடிகிறவரை வேற்றுக் கண் உள்ளே விழக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே ஆற்றுக்குப் போகிற வழி. ஊரே குடமும் துணியுமாக அதில்தான் நடக்கும். கேட்க வேண்டுமா? கதவும் சாத்தியிருக்கும், ஜன்னலும் சாத்தியிருக்கும். அரைத்துக் கொடுக்க நானும் உள்ளே. பத்து மணிக்குள் இருவருக்கும் மண்டை இடிக்கும். மாமியார் திருஷ்டி என்பார். நான் ஆற்றுத் தண்ணீர் சேரவில்லை என்பேன்.

கரி கொண்டுவருகிறவள் தங்கம்மை, நெடுமங்காட்டுப் பக்கத்துக்காரி. சுமையை இறக்கியதும் சாத்திய ஜன்னலைப் பார்ப்பாள். "அம்மா, வாதிலடைச்சிட்டு கரி கத்திக்கல்லே, கேட்டோ" என்பாள். வாதில் என்றால் கதவு, அது தெரியும். மிச்சத்தை எங்கள் ஊர்க் காதால் கேட்டேன். கதவை மூடிக்கொண்டு கத்தாதே என்கிறாளாம்! எங்கள் வாக்குவாதம் வழி வரைக்கும் கேட்கிறது போல என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. மாமியாருக்கோ ரோஷம்.

"நான் எங்கேடீ கத்தினேன்? நீதான் தொண்டையைத் திறந்துண்டு நிக்கறே."

"நான் வாயே திறக்கலையேம்மா."

"இதோ, இப்போ திறந்தாச்சே!"

அன்றிலிருந்து அடுக்களைக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டோம். கதவை மட்டும் திறக்கவில்லை.

ஆடி மாதம், அடைமழை. முந்தின நாள் ஏகாதசிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்த மாமியார், துவாதசிச் சமையலுக்கு விடியும்போதே உள்ளே போய்விட்டார். சாரல் அடிக்காமல் இருக்க ஜன்னல் இடுக்கில் சாக்கை வேறு திணித்திருந்தார். எனக்கு வீட்டு விலக்கான மூன்றாம் நாள். பின் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தேன். உள்ளே வெண்கலப் பானை உருண்ட சத்தம் கேட்டது. "அம்மா" என்று கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை.

அந்த நாளில் நான் அடுக்களைப் படியை மிதிக்கவே கூடாது. மிதித்தேன். சுவரோரமாகச் சரிந்து கிடந்தார். குமுட்டியில் கரி துளிப் புகையில்லாமல், தகதகவென்று அழகாகச் சிவந்திருந்தது. அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு போய் முற்றத்து மழையில் போட்டேன். முகத்தில் மழை அடிக்க அடிக்க மூச்சு சீராகி, கண் திறந்தது.

"தொட்டுட்டியாடீ?"

"தொட்டுட்டேம்மா."

"மூணாம் நாளோன்னோ?"

"மூணாம் நாள்தான்."

"தீர்ந்தது போ" என்று கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பட்டினி மயக்கம் என்று என் கணவர் சொன்னார். தெருவும் அதையே சொன்னது. எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மூன்று நாளும் எனக்குத் தலை வலிக்கவில்லை. அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தேன். வழியில் போகிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். அடுக்களைக்குள் உட்கார்ந்து அரைக்கவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

தங்கம்மை வந்ததும் நேராகவே கேட்டுவிட்டேன், "நாங்க கத்தினா உனக்கென்ன?" என்று. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாடப்பிறையிலிருந்த தீப்பெட்டியைக் கேட்டு வாங்கி ஒரு குச்சியை உரசினாள். "இதாணு அம்மா கத்திக்கறது!" கொளுத்துவதைத்தான் இந்த ஊரில் அப்படிச் சொல்வார்களாம். பிறகு சிரிப்பு நின்றது. "கரிக்குப் புகையில்லா. மணமும் இல்லா. அடைச்ச முறிக்குள்ள ஆளைக் கொல்லும். என் நாத்தூன் அப்படித்தான் போயி." அவள் நாத்தனார் மூடிய அறையில் கரி மூட்டிச் செத்தே போனாளாம்.

அன்றைக்கே தீர்மானித்தேன். இனி இந்த வீட்டில் குமுட்டி நான் சொல்கிறபடிதான் எரியும். மறுநாள் காலையில் மாமியார் ஜன்னலைச் சாத்த வந்தார். நான் ஜன்னல் கதவில் கை வைத்து நின்றேன்.

"விடுடீ. மடி போயிடும்."

"மடி போனா குளிச்சுட்டு வரலாம். நீங்க போனா?"

"போறவா வரவா கண்ணெல்லாம் சாதத்துல விழுமேடீ!"

"விழாம நான் பண்றேன். ரெண்டு நாள் குடுங்கோ."

ரெண்டு நாள் ஐந்து நாளாயிற்று. தங்கம்மை கொண்டுவந்த தென்னோலையில் தட்டி முடைந்து, ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி நட்டேன். கண் வராது, இரண்டு பக்கமும் காற்று வரும். முதல் தட்டி காற்றில் பறந்து ஆற்றுவழியில் போன ஒருவர் தலையில் விழுந்தது. இரண்டாவது கோணல். மூன்றாவது நின்றது. குமுட்டியை முற்றத்தில் வைத்துத் தேங்காய் நாரால் பற்றவைப்பேன். கறுப்பு முழுக்கப் போய்ச் சாம்பல் பூக்கிறவரை உள்ளே கொண்டுபோக மாட்டேன். பூத்த பிறகும் கதவும் ஜன்னலும் திறந்தேதான் இருக்கும், ஏனென்றால் பூத்த கரியும் கொல்லும் என்று தங்கம்மை சத்தியம் செய்திருந்தாள். சமையல் ஆனதும் மிச்சத் தணலை இடுக்கியால் எடுத்துப் பழைய சட்டியில் போட்டு, வெளியே வைத்து மூடுவேன். ஒரு தடவை அவசரத்தில் தண்ணீரைக் கொட்டினேன். ஆவி அடித்த தழும்பு இன்னும் முழங்கைக்குக் கீழே இருக்கிறது.

மாமியார் ஆற்றுவழியில் போய் நின்று, எம்பி, குனிந்து, பக்கவாட்டில் தலையை நீட்டித் தட்டியைச் சோதித்தார். "ஒண்ணும் தெரியலைதான்" என்றார். அவ்வளவுதான். இருவருக்கும் தலைவலி போனது. அதற்குக் கரி காரணம் என்று அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "அது ஏகாதசி மயக்கம்டீ, கரியாவது மண்ணாவது" என்பார். ஆனால் ஜன்னலை ஒரு நாளும் சாத்தவில்லை. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அவரே, "தட்டி மக்கிப் போயிடுத்து, புதுசு முடையேன்" என்பார்.

பின்கட்டை இடித்துவிட்டார்கள். ஆற்றுவழியில் சுவர் வந்துவிட்டது. குமுட்டி எந்தப் பழைய சாமானோடு போயிற்றோ, தெரியாது. மாமியாரும் போய்ப் பல வருஷமாகிறது, நல்ல வயதாகி, தூக்கத்தில். ஏகாதசி வந்தால் மட்டும், "இல்லைம்மா, கரிதான்" என்று தொண்டை வரை வருகிறது. மறுத்துப் பேச ஆளில்லை.