குடியிருந்தால் பழசு

கடையின் இரும்புக் கதவை அரைவாசி உயர்த்தும்போதே இராஜநாயகம் திட்டத் தொடங்கிவிடுகிறார். உள்ளே முதலாளி லின் பல் விளக்கிக்கொண்டு நிற்பார். உடுப்புக் கட்டுகளுக்கு மேலே பலகை அடித்துச் செய்த பரணில்தான் முதலாளியும் மனைவியும் படுக்கிறார்கள். ஏணி வைத்து ஏற வேண்டும். நிமிர்ந்தால் தலை இடிக்கும்.

"கேளும் லின், உமக்கு விசரோ? ஊரில மூண்டு வீடு. இஞ்சை கோழிக்கூட்டுக்குள்ள படுத்துக் கிடக்கிறீர்."

தமிழில்தான் திட்டுவார். கோபம் வந்தால் அவருக்கு இத்தாலியன் வராது. லின் வாயில் நுரையோடு சீன மொழியில் பதில் சொல்வார். இருவருக்கும் விளங்கிவிடும். பிறகு அரைகுறை இத்தாலியனில் சமாதானமாகி ஆளுக்கொரு கோப்பி குடிப்பார்கள்.

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், லிங்கன் தெருவில் வரிசையாகச் சீனக் கடைகள். அதில் ஒன்றில் மொத்த வியாபார உடுப்புக் கட்டுகளை உடைத்து அடுக்குவது இராஜநாயகத்தின் வேலை. சில நாட்களில் பஸ் பிடித்து பிரான்காச்சோவில் உள்ள களஞ்சியத்துக்குப் போய் லொறி இறக்குவார். ஐம்பதைத் தாண்டிய ஆள். ஒல்லி. கட்டு அவிழ்த்த கயிற்றைக்கூட எறியமாட்டார், சுருட்டி முடிச்சுப் போட்டு வைப்பார். ஆளில்லாத இடத்தில் லைற் எரிந்தால் அவருக்குப் பொறுக்காது. பக்கத்துக் கடைக்குள் புகுந்தும் நிற்பாட்டிவிட்டு வந்திருக்கிறார். வாங்கிய ஏச்சுக்குக் கணக்கில்லை. "வீணாப் போறதைப் பாத்துக்கொண்டு நிக்கேலாது" என்பார்.

அப்படிப்பட்டவரிடம் போய் ஒருநாள் லின் தன் வீடுகளில் ஒன்றின் படத்தைக் காட்டினார். சீனாவில், வென்சோ நகரத்துக்கு வெளியே பதினெட்டாம் மாடி. சாம்பல் நிறச் சீமெந்துச் சுவர். தரைக்குக் கல் இல்லை. கூரையிலிருந்து தொங்கும் ஒரு வயர். குளியலறை வரவேண்டிய இடத்தில் குழாய்கள் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன.

"உது வீடோ? பங்கர் மாதிரியெல்லோ கிடக்கு!"

அங்கே அப்படித்தான் விற்பார்கள் என்றார் லின். தரையும் கதவும் கக்கூசும் குடிபோகிறவன் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டடத்தில் இரவில் எத்தனை ஜன்னலில் வெளிச்சம் தெரியும் என்று இராஜநாயகம் விசாரித்தார். லின் யோசித்து, ஒரு கை விரல்களை மட்டும் காட்டினார். மற்றதெல்லாம் விற்றாயிற்று, ஆனால் ஆளில்லை.

இராஜநாயகத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கூலிக்காரன் நகரத்தில் படுக்க இடமில்லாமல் அலைகிறான், கட்டிய வீட்டில் காற்றுக் குடியிருக்கிறது. இது எந்த ஊர் நியாயம்? "வாடகைக்கு விடுமன்" என்று கேட்டார். லின் பொறுமையாக விளக்கினார். வங்கியில் போட்டால் வட்டி விலைவாசியோடு ஓடிப் பிடிக்காது. பங்குச்சந்தை சூதாட்டம். வீட்டு விலை மட்டும் வருடா வருடம் ஏறுகிறது, பூட்டி வைத்திருப்பதற்கு வரியும் இல்லை. வாடகை அற்பக் காசு. அதற்காகச் சுவரில் ஆணி அடிக்க விடலாமா? முக்கியமான காரணத்தைக் கடைசியாகச் சொன்னார். மகனுக்குப் பெண் கேட்டுப் போகும்போது வீடு இருக்க வேண்டும். புது வீடாக இருக்க வேண்டும்.

"குடியிருந்தால் பழசு" என்றார் லின்.

அந்த மகன் பலெர்மோவில் வளர்ந்தவன். சிசிலியன் பேச்சில் கெட்ட வார்த்தை பொழிவான். வென்சோவுக்குப் போகும் எண்ணமே இல்லை.

"மண்டைக்குள்ள களிமண்" என்று தமிழில் தீர்ப்புச் சொன்னார் இராஜநாயகம். அன்று தொடங்கிய திட்டுத்தான் தினமும் காலையில் நடக்கிறது.

இப்போது அவருடைய விஷயத்துக்கு வருவோம். பலெர்மோவின் பழைய சந்தைப் பகுதியான வுச்சீரியாவில் ஈரம் ஊறும் ஒரு கீழ்வீட்டில், மனைவியும் மகளுமாக மூன்று பேர். மனைவிக்கு ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய எசமானியின், வீட்டில் வேலை. இரண்டு பேரும் முறிந்து உழைத்த காசு கொழும்பில், வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில் ஒரு வீடாகப் பூட்டிக் கிடக்கிறது. தரைக்கல்லின் மேல் பொலித்தீன் விரித்தபடி. பூட்டின் திறப்பு அவருடைய கொழும்புச் சிநேகிதர் பெனடிக்றிடம். மாதத்துக்கொருக்கா ஜன்னலைத் திறந்து மூடுவது அவர் பொறுப்பு.

வீடு மகள் கிருசாந்தினிக்குச் சீதனம். லண்டனில் ஒரு மாப்பிள்ளையைப் பேசுகிறார்கள். மாப்பிள்ளைப் பகுதியினர் விசாரித்தபோது இராஜநாயகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "பால் காய்ச்சாத வீடு. ஒரு குடும்பம் படுத்தெழும்பேல்லை." லின்னைத் திட்டும் அதே வாய்தான். கொஞ்சமும் தடுமாறவில்லை.

கிருசாந்தினி கேட்டுப் பார்த்தாள். "அப்பா, எனக்கு வேலை இஞ்சை. மாப்பிள்ளை லண்டன். அங்கை ஆர் குடியிருக்கிறது, கரப்பொத்தானோ?"

"அது சீதனமடி. இருக்கிறதுக்கில்லை."

இந்தப் பதிலோடு யார் வாதாடுவது?

2007 ஆனி மாதம். அவருடைய தங்கை புனிதமலர், கணவனின் இருதய வைத்தியத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பு லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தாள். லொட்ஜுகளில் இருந்த தமிழ்ச் சனத்தைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கு அனுப்பிய நாட்கள் அவை. அவளுடைய லொட்ஜுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் லொட்ஜ் முதலாளி பயந்துபோய், மறுநாள் பொழுதுபடுவதற்குள் வெளிக்கிடச் சொல்லிவிட்டான். பஸ்ஸில் ஏற்றினால் நோயாளிக் கணவன் உயிரோடு ஊர்போய்ச் சேரமாட்டான். அவள் தொலைபேசியில் அழுதாள். "அண்ணை, ஒரு மாசம். அந்த வீட்டில ஒரு மூலையில கிடக்கிறம்."

"வேற லொட்ஜ் பார் பிள்ளை, காசு நான் அனுப்புறன்" என்றார் இராஜநாயகம். எந்த லொட்ஜ் இருக்கிறது பார்க்க? அவருக்கும் தெரியும். "ரெண்டு நாள் பொறு, யோசிப்பம்" என்று வைத்துவிட்டார். லண்டன்காரர் கேள்விப்பட்டால் என்ன சொல்வார்கள் என்ற யோசனை.

மறுநாள் காலை அவர் லின்னைத் திட்டவில்லை. கட்டு உடைத்தபடியே நடந்ததைச் சொன்னார். கதையை மெல்ல மெல்லச் சொன்னார், எங்காவது லின் எகிறுவார், பதிலுக்குத் தானும் நாலு கொடுக்கலாம் என்று பார்த்திருந்தாரோ என்னவோ. லின் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். எழுந்து வந்து தோளில் தட்டினார்.

"பிராவோ! சரியாகச் செய்தாய். குடியிருந்தால் பழசு. என் தம்பியும் கேட்டான், நானும் கொடுக்கவில்லை."

மனைவியைக் கூப்பிட்டு, விருந்தாளிக்கு எடுக்கும் தேயிலையில் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். இத்தனை காலத்தில் அவர் இராஜநாயகத்துக்குத் தந்த முதல் மரியாதை அது. இரண்டு கையாலும் நீட்டினார். இராஜநாயகம் கோப்பையை வாங்கி ஒரு பெட்டியின் மேல் வைத்தார். அது அங்கேயே ஆறியது.

மதியம் கடை சாத்தியதும் நடந்தே வீட்டுக்கு வந்தார். கதவு திறந்திருந்தது. கிருசாந்தினி முதுகைக் காட்டியபடி தொலைபேசியில் நின்றாள்.

"அழாதேங்கோ மாமி. இப்பவே வெளிக்கிடுங்கோ. பெனடிக்ற் மாமாவிட்டைத் திறப்பை வாங்குங்கோ. ஓம், அப்பா சொன்னவர். ஓமோம், அப்பாதான். போனவுடனை அடுப்பை மூட்டிப் பாலைக் காய்ச்சுங்கோ. மாமாவுக்குக் குடுத்திட்டு நீங்களும் குடியுங்கோ."

திரும்பியவள் வாசலில் தகப்பனைக் கண்டாள். ரிசீவரை இறக்கவில்லை.

புனிதமலரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அண்ணை மெய்யாச் சொன்னவரோ பிள்ளை? பெனடிக்ற் நம்புவாரோ?"

கிருசாந்தினி தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து, டெலிபோன் கார்ட்டில் காசு முடியப் போகிறது, இன்னும் ஒரு நிமிடம்தான் என்று இத்தாலியனில் ஒரு பெண்குரல் குறுக்கிட்டது.

இராஜநாயகம் சட்டைப்பையிலிருந்து ஒரு புது டெலிபோன் கார்ட்டை எடுத்தார். பெருவிரல் நகத்தால் இலக்கத்தை மூடியிருந்த பூச்சைச் சுரண்டினார். வெள்ளித் தூளை ஊதிவிட்டு, அதை அவளுக்கு முன்னால் தள்ளி வைத்தார்.