ஐஸ்கிரீம் மூடியில் வைத்த சோறு

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் குசினி அலமாரியில், சமையல் பாத்திரங்களோடு, ஐஸ்கிரீம் வாளியின் மூடி ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கனடாவின் வடக்கு நினைவுக்கு வருகிறது.

ரொறன்ரோவில் வேலை கிடைக்காத ஒரு காலத்தில், துருவப் பக்கம் இருந்த ஒரு சுரங்க முகாமுக்கு அறைகள் துப்புரவாக்கும் வேலைக்குப் போனேன். மூன்று கிழமை அங்கே, மூன்று கிழமை வீட்டில். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு மரம்கூட இல்லை. வெளியே கால் வைத்தால் இமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூக்குக்குள் மயிர் விறைத்துக் குத்தும். காற்று எழும்பினால், படுக்கைக் கட்டடத்திலிருந்து குசினிக்குக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துத்தான் நடக்கலாம். காற்று அடங்கிய நாட்களிலோ உலகம் வேறு. பனி நீலமாகி, பிறகு இளஞ்சிவப்பாகும். நான் விட்ட மூச்சு உறைந்து சரசரப்பது எனக்கே கேட்கும். அந்த அமைதியை இங்கே எங்கும் நான் கண்டதில்லை.

அங்கே தமிழ் பேச இன்னொருவர் மட்டும் இருந்தார். சமையல்கார அண்ணை. யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவியையும் மகளையும் கூப்பிட மனுப் போட்டிருந்தார். அது சரிவர இந்த வேலை நிலைக்க வேண்டும் என்பது முகாமில் எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

முகாமின் முதல் சட்டம், வெளியே ஒரு பருக்கை உணவும் போடக்கூடாது என்பது. மணத்துக்கு நரி வரும். மனிதரோடு பழகிய நரியைக் கடைசியில் சுட வேண்டிவரும். ஆனால் மாசி மாதத்தில் அண்ணையின் தாயாருக்கு முதலாவது திவசம் வந்தது. செத்த வீட்டுக்கும் போக முடியாமல் இருந்த மனிதர். காகத்துக்கு வைக்காமல் எப்படி வாயில் வைப்பது? வடக்கில் காகமும் இருந்தது. எங்கள் ஊர்க் காகத்தைவிட இரண்டு மடங்கு பெரியது.

நண்பகலில், குசினிக்குப் பின்னால் ஐஸ்கிரீம் மூடியில் சோறும் பருப்பும் உருளைக்கிழங்குக் கறியும் வைத்தார். "கா, கா" என்று அவர் கூப்பிட, நான் கதவடியில் காவல் நின்றேன். காகம் வந்து இறங்குவதற்குள் சோறு கல்லாகிவிட்டது. ஒரு கொத்து, இரண்டு கொத்து, உடையவில்லை. தலையைச் சரித்து எங்களைப் பார்த்துவிட்டு, கட்டியை அப்படியே கவ்விக்கொண்டு பறந்தது.

"தங்கச்சி, அம்மா பார்சல் கட்டிக்கொண்டெல்லோ போறா!"

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். துடைத்த கண்ணீரும் கையுறையில் உறைந்தது. "சாப்பாட்டு நேரமாச்சு, நான் உள்ளுக்குப் போறன். உந்த மூடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு வாரும்" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன். அப்போதுதான் வானத்தைப் பார்த்தேன். நிலத்தை ஒட்டி நின்ற சூரியனுக்கு இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு பொய்ச் சூரியன்கள். பனித்தூள் காற்றில் மினுங்கியது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. விரல்கள் எரியத் தொடங்கியதும் உள்ளே ஓடினேன். மூடியை மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை உணவின்போது முகாம் பொறுப்பாளர் மஞ்சள் பட்ட அந்த மூடியைத் தூக்கிக் காட்டினார். அதைச் சுற்றி நரியின் காலடிகள் இருந்தனவாம். யாருடைய வேலை என்று கேட்டார். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணை கையை உயர்த்தினார். அடுத்த விமானத்தில் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஏறும்போது எனக்குக் கை காட்டிவிட்டுத்தான் போனார். அவருடைய மனைவியும் மகளும் வந்து சேருவது அதனால் இரண்டு வருடம் பிந்தியது.

எத்தனையோ வருடம் இதைச் சொல்லாமல் இருந்தேன். இந்த மாசியில், ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் உள்ள அவருடைய வீட்டுக்கு, தாயாரின் திவசத்துக்குப் போனபோது, குசினியில் வைத்துச் சொன்னேன். "அண்ணை, அண்டைக்கு மூடியை விட்டிட்டு வந்தது நான்."

"உது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார் அண்ணை, அப்பளத்தைத் திருப்பியபடி. "நீர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டதை யன்னலுக்காலை கண்டனான். நானும்தான் பார்த்துக்கொண்டு நிண்டு கூப்பிட மறந்திட்டன்."

ஆனால் அவருடைய மனைவிக்குத் தெரியாது. கையில் அகப்பையோடு அப்படியே நின்றார். "ரெண்டு வருசம்" என்றார். அப்பளம் கருகும் மணம் வந்தது. பிறகு ஒரு ஐஸ்கிரீம் மூடியை எடுத்துச் சோறும் பருப்பும் கறியும் வைத்து, என் கையில் தந்தார்.

"இந்தாங்கோ, நீங்களே கொண்டுபோய் வையுங்கோ. காகம் வருமட்டும் நில்லுங்கோ. இந்த முறையாவது மூடியோடை வாங்கோ."

பின்வளவில், முழங்கால்வரை பனியில் நின்றேன். அணில் ஒன்றைத் துரத்தினேன். வேலிக்கு அப்பால் பஸ் இரைந்து போனது. வானம் சாம்பல் நிறம். ஒரு சூரியனும் இல்லை. வெகுநேரம் கழித்து ஒரு காகம் வந்தது. மூடியோடு உள்ளே போனேன். அண்ணையின் மனைவி எனக்குச் சோறு போட்டார். போகும்போது மூடியையும் என் பையில் வைத்துவிட்டார்.

அடுத்த நாள் அதைக் கழுவினேன். மஞ்சள் போகவில்லை.