குணவதியின் பீப்பாய்

வேலை முடிந்து வந்ததும் குணவதி தோளில் தொங்கும் பையைக்கூடக் கழற்றாமல் நேரே துணி துவைக்கும் அறைக்குள் போகிறார். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே நிற்கிறது ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பீப்பாய். அதன் முன்னால் முட்டி போட்டு, பக்கவாட்டில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். மூடியில் செருகிய வளைந்த சிறு குழாயில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. உள்ளே பிறக்கும் காற்று அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்போது 'ப்ளுக்' என்று ஒரு சத்தம். சற்று மௌனம். மறுபடி 'ப்ளுக்'. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருக்கும் மங்கரேயில் கூரையை உரசுவதுபோல் விமானங்கள் இறங்கும். சன்னல் கண்ணாடி நடுங்கும். அது எதுவும் அவர் காதில் விழாது.

"பேசுதுலா" என்பார், எழுந்து வரும்போது.

"என்னவாம்?" என்று சமையலறையிலிருந்து கேட்பார் கணவர் செல்வராஜ்.

"அது பாட்டுக்குப் பேசுது. எனக்குப் புரியற மாதிரியா பேசும்?"

குணவதி மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். ஐம்பதைத் தாண்டி வெகு நாளாகிறது. விமானங்களுக்கு உணவு அனுப்பும் சமையல்கூடத்தில் தட்டு அடுக்குகிறார். எதை வாங்கினாலும் முதலில் மோந்து பார்க்கும் பழக்கம் உண்டு. தக்காளி, சோப்பு மட்டுமல்ல, ஒருமுறை குடையைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் கூடையில் போட்டார். இட்லி மாவை மூடிவைக்கும்போது, "நல்லாத் தூங்கு, காலையில எழுந்திரு" என்று அதனிடம் சொல்லுவார். உள்ளே மது வைத்த சாக்லேட் என்று தெரிந்தால் பெட்டியோடு யாருக்காவது கொடுத்துவிடுவார். அவர் வீட்டில்தான் இப்போது இரண்டாவது தடவையாகப் பீர் புளித்துக்கொண்டிருக்கிறது.

முதல் தடவை நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் மகன் அகிலைச் சொல்ல வேண்டும். அகில் கம்ப்யூட்டர் படித்தவன். நல்ல வேலையில் இருந்தான். ஒருநாள் அதை விட்டுவிட்டு, கிளென் ஈடன் பக்கம் சின்னதாகப் பீர் காய்ச்சும் ஓர் இடத்தில் தொட்டி கழுவப் போய்விட்டான். "ஐ லைக் இட், மா" என்பதுதான் அவன் சொன்ன ஒரே காரணம். செல்வராஜ் விமான நிலையச் சரக்குக் கூடத்தில் ஆயுசெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில், மலேசிய ரப்பர் தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் விழுந்து கிடந்த அப்பாவைச் சம்பள நாள்தோறும் தூக்கிவந்த கை அவருடையது. "அந்த வாடையிலேர்ந்து ஓடித்தான் கப்பல் ஏறாத குறையா இங்க வந்தேன். இவன் அதுக்குள்ளயே போய் நிக்கிறானே" என்றார். அன்றிலிருந்து மகனோடு பேச்சு இல்லை. அகில் போன் செய்தால் எழுந்து வீட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

குணவதி இரண்டு பேரிடமும் வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒடாஹுஹு கடைத்தெருவுக்குப் போய்க் காய்கறி வாங்கியபின், படுக்கை விரிப்பும் மழைக்காலப் பூட்ஸும் விற்கும் பெரிய கடையொன்றில் நுழைவார். தூண்டில் கம்புகளுக்கும் பார்பிக்யூ சாமான்களுக்கும் இடையில் ஒரு தட்டு. அதில் ஓர் அட்டைப்பெட்டி. முதன்முதலாக வீட்டில் பீர் செய்கிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் உள்ளே இருப்பதாகப் பெட்டிமேல் போட்டிருந்தது. பக்கத்தில் தாடிக்காரன் ஒருவன் கண்ணாடிக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படம். குவளைக்குள் மாலை வெயில் நிற்பதுபோல் ஒரு நிறம். அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். எத்தனை ஞாயிறு நின்றார் என்பது அவருக்கே தெரியாது. இந்தச் சாமான்களுக்கென்றே தனிக் கடைகள் உண்டு; ஆனால் அங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருப்பார்கள், கேள்வி கேட்பார்கள். இங்கே அவர் ஒரு பக்கெட் வாங்க வந்தவர்போல் நிற்கலாம்.

கடைசியில் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கல்லாவில் இருந்த டோங்கா தீவுப் பெண், "ஃபார் யுவர் ஹஸ்பண்ட், ஆன்ட்டி?" என்றாள்.

"நோ. ஃபார் மீ" என்றார் குணவதி. சொன்னபிறகு காது சூடாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்ததும் செல்வராஜ் கதவு நிலையில் நின்றார். "குணா, இது என்ன கூத்து?"

"உங்க மகன் எதுக்கு வேலைய விட்டான்னு பார்க்கப் போறேன்."

"அவனையே கேட்க வேண்டியதுதானே?"

"கேட்டா இங்கிலீஷ்ல சொல்லுவான். எனக்குப் பார்க்கணும்லா."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். குணவதி தாளில் போட்டிருந்த படங்களைப் பார்த்து எல்லாவற்றையும் கிருமி போகக் கழுவினார். பெட்டிக்குள் இருந்த டின்னைத் திறந்ததும் மோந்தார். கறுத்த பாகு, கருப்பட்டியும் சுட்ட ரொட்டியும் கலந்ததுபோல் ஒரு வாசனை. அதைப் பீப்பாயில் வெந்நீர் விட்டுக் கரைத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆறவைத்து, ஈஸ்ட்டைத் தூவி மூடினார். மறுநாள் அது பேசத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் ஒரு மயக்கம் இருந்தது. காதை வைத்தால் கடலடியில் யாரோ மெல்ல மூச்சு விடுவதுபோல் இருக்கும். தட்டுகளின் கணகணப்பு, குளிர்பதன அறையின் இரைச்சல் எல்லாம் மெல்ல மெல்லக் கரைந்து போகும். ஒருநாள் அப்படியே பீப்பாயில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

பிறகு குளிர்காலம் இறுகியது. வேலையிலிருந்து வந்து காதை வைத்தால் ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. "என்னலா, கோவமா?" என்று கேட்டுப் பார்த்தார். ராத்திரி சாப்பாட்டில் கை போகவில்லை. "பாதியில நின்னுபோச்சுங்க" என்றார். செல்வராஜ் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அடுத்த நாள் பிற்பகல் குணவதி வந்தபோது பீப்பாயைக் காணவில்லை என்றே நினைத்தார். பழைய கம்பளி ஒன்று அதைச் சுற்றியிருந்தது. அதன்மேல் செல்வராஜ் சரக்குக் கூடத்தில் போட்டிருந்த மஞ்சள் ஜாக்கெட், ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, குளிருக்கு ஒடுங்கிய ஆள்போல நின்றது. பக்கத்தில் சின்ன ஹீட்டர். குணவதி முட்டி போட்டுக் காதை வைத்தார். வெகு நேரம் கழித்து, 'ப்ளுக்'.

"மருந்துப் பெட்டி, மீனு, பூ... எத்தனை இறக்கியிருக்கேன். எதுக்கு எவ்வளவு சூடு வேணும்னு எனக்குத் தெரியாதா?" என்றார் செல்வராஜ், நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமல். அதன்பின் குணவதி வேலைக்குப் போன நேரங்களில் துணி துவைக்கும் அறைக்கு ஒரு நாற்காலி போய்ச் சேரும்.

போத்தலில் அடைத்து, பொறுமையாகக் காத்திருந்து, ஒரு சனிக்கிழமை பிற்பகல் முதல் போத்தலைத் திறந்தார்கள். சமையலறை மேசையில் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. குவளையில் ஊற்றியதும் அதே வெயில் உள்ளே நுரைத்து ஏறியது. குணவதி ஒரு வாய் எடுத்தார். முகம் கோணியது. "ஐயோ, கசக்குதுலா!" என்று சிரித்தார்.

செல்வராஜ் குவளையைத் தன் பக்கம் இழுத்தார். உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. குனிந்து மோந்தார். நிமிர்ந்து சன்னலைப் பார்த்தார். மறுபடி குனிந்து, நிதானமாக மோந்தார்.

"அந்த வாடை இல்ல" என்றார்.

குணவதி குவளையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"ரொட்டி சுட்ட மாதிரி இருக்கு. ஆரஞ்சுத் தோல் மாதிரியும் இருக்கு." குவளையை மேசையில் மெல்லத் திருப்பினார். "அவன் வேலை செய்யற இடமும் இப்படித்தான் மணக்குமா?"

குணவதி போனை எடுத்து அகிலின் எண்ணை அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியதும் அதைக் கணவரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். அவர் மறுப்பதற்குள், "மா?" என்று அந்தப் பக்கம் குரல் கேட்டது.

"நான்... அப்பா பேசறேன்" என்றார் செல்வராஜ்.

குணவதி அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குப் போய், குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று, ஏற்கனவே கழுவிய போத்தல்களை ஒவ்வொன்றாக மறுபடி கழுவ ஆரம்பித்தார்.