திடலுக்கு மேலே ஒரு கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஜாசின் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் பால் வெட்டினேன். வெள்ளைக்காரக் கடற்படையின் பயிற்சி விமானங்கள் அடிக்கடி எங்கள் தலைக்குமேல் தாழப் பறக்கும். கப்பலின் மேல்தளத்தில் இறங்கப் பையன்கள் பழகுகிறார்கள் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்வார். நாங்கள் தலைத்துணியைக் கழற்றி ஆட்டுவோம், அவர்களும் கையசைப்பார்கள். எங்களைப் பார்த்துக் கையசைத்த வெள்ளைக்காரர்கள் வேறு யார்?

ஒருநாள் பாலை ஊற்றிவிட்டு நாங்கள் குடியிருந்த லயத்துக்குத் திரும்பும்போது, ஒரு விமானம் விட்டுவிட்டு இரைந்துகொண்டு வந்தது.

"ஏ புள்ள, இன்னிக்கு ரொம்பக் கீழ வர்றான்லா! திடலுக்கு வா!" என்று கூடவந்த பாக்கியம் கத்தினாள்.

எல்லோரும் ஓடித் திடல் நடுவே நின்று துணியை ஆட்டினோம். ஓட்டியவன் கையை வெளியே நீட்டி வேகவேகமாக ஆட்டினான். நாங்கள் சிரித்துக்கொண்டு இன்னும் ஆட்டினோம். எங்களை நெருங்கியதும் விமானம் சட்டென்று திரும்பி, ரப்பர் மரங்களில் மோதி விழுந்தது.

செத்தவனுக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை.

"இன்ஜின் கெட்டுப்போச்சும்மா. இறங்க அந்தத் திடல விட்டா வேற எடமில்ல. உங்கள வெலகச் சொல்லித்தான் கையாட்டியிருக்கான்" என்றார் கிராணி.

மறுவாரமும் விமானங்கள் வந்தன. ஒன்றிலிருந்து ஒரு கை அசைந்தது. எங்களில் யாரும் துணியைத் தொடவில்லை.

இன்றும் யாராவது தூரத்திலிருந்து கையசைத்தால், நான் அவர்கள் வழியில் நிற்கிறேனா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.