ஆடிட் நாளில் மட்டும் திறந்த அறை

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம். ஆம்பூரைத் தாண்டி ஹைவே ஓரத்தில் இருக்கிற ஒரு ஷூ கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசராக இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். நூற்றுக்கணக்கில் பெண்கள் வேலை செய்கிற இடம் அது. தோலை வெட்டுவது, தைப்பது, ஒட்டுவது என்று எந்த லைனைப் பார்த்தாலும் அவர்கள்தான் இருப்பார்கள். நான் சத்துவாச்சாரியிலிருந்து கம்பெனி காரில் போய் வருவேன். என் மகளுக்கு அப்போது ஏழு மாதம்.

பிள்ளை வளர்ப்பில் என்னைப் போல விவரமான ஆள் ஆம்பூரிலிருந்து வேலூர் வரை கிடையாது என்ற நினைப்பு எனக்கு. கர்ப்பமாக இருந்தபோது மாதம் தவறாமல் டாக்டர், ஸ்கேன், சத்து மாத்திரை. பிரசவத்துக்கு ஆறு மாதம் சம்பளத்தோடு லீவு. வேலைக்குத் திரும்பியதும் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பம்ப் வைத்துப் பால் எடுப்பேன். தேதி, நேரம் எழுதி மூலையில் இருந்த சின்ன ஃபிரிட்ஜில் வைப்பேன். சாயங்காலம் ஐஸ் பையில் வீட்டுக்குப் போகும். ஆறு மாதம் முடிகிறவரை என் பெண்ணுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று கேட்டவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

இப்படிப்பட்டவள் கையில் மைக்கும் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? மாதம் ஒரு தடவை, சாப்பாட்டு இடைவேளையில், கேன்டீனில் பெண்களை உட்கார வைத்துப் பேசுவேன். அந்த மாதம் தாய்ப்பாலைப் பற்றிப் பேசினேன். படம் போட்ட சார்ட் எல்லாம் மாட்டியிருந்தேன். பேசி முடித்ததும், "யார் யார் குழந்தைக்குப் புட்டிப்பால் குடுக்குறீங்க? கை தூக்குங்க" என்றேன். யாரும் தூக்கவில்லை. தையல் லைனில் இருந்த ஒரு பெண்ணை மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளுக்கு இருபத்திமூன்று, இருபத்திநான்கு வயது இருக்கும். மலையடிவாரத்தில் ஒரு கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். காண்ட்ராக்டில் வேறொரு கம்பெனியில் எட்டாம் மாதம் வரை மெஷினில் உட்கார்ந்திருந்துவிட்டு, அங்கிருந்து நின்று, பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அதனால் லீவு, சம்பளம் என்று எதுவும் அவள் கணக்கில் வரவில்லை. இதெல்லாம் அவள் ஃபைலில் இருந்தது. படித்ததும் நான்தான். ஆனால் அன்றைக்கு என் கண்ணில் பட்டது அவள் கொடுத்த புட்டி மட்டும்தான்.

எழுந்து நிற்கச் சொன்னேன். குழந்தையின் எடை எவ்வளவு என்று கேட்டேன். "நாலு மாசம் ஆவுது மேடம். நாலே கால் கிலோ" என்றாள். அடிக்கடி வயிற்றுப்போக்கு, எடை ரொம்பக் குறைவென்று அங்கன்வாடியில் சிவப்பு கட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள் என்றும் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அத்தனை பேர் முன்னால், "பெத்தா மட்டும் போதுமா? சோம்பேறித்தனம் படாம பால் குடுக்கணும். அது உன் குழந்தையோட உயிர்" என்று சொல்லிவிட்டேன். அவள் ஓவர்கோட்டின் மேல்பக்கம் நனைந்திருந்தது. கை கழுவும்போது தண்ணீர் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் வெளிநாட்டு பையர் ஆடிட் வந்தது. எங்களிடம் ஷூ வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து, தொழிலாளர்களை எப்படி வைத்திருக்கிறோம் என்று பார்ப்பார்கள். அதில் கிரெச் ரூம் கட்டாயம். கைக்குழந்தையோடு வருகிற தாய்மார்கள் பிள்ளையை விட்டு வைக்கிற அறை அது. சுவரில் முயல், யானை எல்லாம் வரைந்த அழகான அறை எங்களிடம் இருந்தது. வருடம் முழுக்க அதில் அட்டைப்பெட்டிகள்தான் இருக்கும்.

ஆடிட்டுக்கு முந்தின நாள் பெட்டிகளை எல்லாம் வெளியே தள்ளி, பினாயில் போட்டுக் கழுவி, மூன்று தொட்டில் கட்டுவோம். பொம்மைகள் என் பீரோவில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கும். கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கு அன்றைக்கு மட்டும் பிள்ளை பார்த்துக்கொள்கிற வேலை. தொட்டில் காலியாக இருந்தால் நன்றாக இருக்காதே? அதனால் கைக்குழந்தை இருக்கிற ஒன்றிரண்டு பேரிடம், நாளைக்குக் குழந்தையோடு வாருங்கள் என்று சொல்லிவிடுவோம். மூன்று வருடமாக இதைக் கச்சிதமாக நடத்திக் காட்டியது நான்தான். மேனேஜர்கூட, "மேடம் இருந்தா ஆடிட் பேஜாரே இல்ல" என்று பாராட்டுவார்.

அந்த முறை அவளிடமும் சொன்னேன். அவள் நம்பவில்லை. மதியம் ஒரு தடவை, டீ நேரத்தில் ஒரு தடவை, பஸ் ஏறும்போது ஒரு தடவை என்று வந்து வந்து, "நெஜமா கூட்டியாரலாமா மேடம்? ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகத்தில் கண் மட்டும்தான் பெரிதாக இருந்தது அந்தப் பிள்ளைக்கு. ஆடிட் நாள் என்பதால் லைன் சூப்பர்வைசர் மறுபேச்சு இல்லாமல் அவளை விட்டார். பத்து மணிக்கு வந்து பால் கொடுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். மூன்று மணிக்கு மறுபடி வந்தாள். ஆடிட்டர் அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் பேப்பரில் டிக் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் பெருமையாக வாசலில் நின்றிருந்தேன்.

குழந்தை விடாமல் குடித்துக்கொண்டிருந்தது. முழுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. கடைவாயில் பால் வழிந்தது. எனக்கு ஆச்சரியம். "பால் இல்லன்னுதானேம்மா புட்டி குடுக்குற?" என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. விவரம் தெரியாதவளுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "யார் மேடம் சொன்னது பால் இல்லன்னு? பத்து மணிக்கெல்லாம் கட்டிக்கும், வலி உயிர் போவும். டாய்லெட்டுக்குப் போய் பீச்சி, வாஷ்பேசின்ல விட்டுட்டு வந்து மெஷின்ல உக்காருவேன். வூட்ல நாத்தனாருதான் பாத்துக்குது. டப்பா சீக்கிரம் தீந்துடும்னு பவுடர கம்மியா போட்டு, தண்ணிய ஜாஸ்தியா ஊத்தி கலக்கிக் குடுக்குது. அதுவும் இன்னா பண்ணும்? இங்க நான் பால ஊத்துறேன், அங்க இது தண்ணி குடிக்குது."

அந்த நேரத்தில் என் அறை ஃபிரிட்ஜில் இரண்டு பை பால், தேதி நேரத்தோடு, பத்திரமாக இருந்தது. பத்து நாள் முன்னால் நனைந்திருந்த ஓவர்கோட் எதனால் நனைந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறேன். அங்கேயே நின்று மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நாலரை மணிக்கு ஆடிட்டர்களின் கார் கேட்டைத் தாண்டியது. பேக்கிங் பிரிவு ஆட்கள் டிராலியில் அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிரெச் ரூமுக்கு வந்துவிட்டார்கள். தொட்டிலை அவிழ்க்கப்போகிற நேரத்தில் அவள் பிள்ளையைத் தூக்க வந்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நாளைக்கும் கூட்டியாரலாமா மேடம்?"

"பார்க்கலாம்மா" என்றேன். எங்கள் ஆபீசில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட நான் விதிமுறை சொல்லித் தப்பித்திருப்பேன். அந்தத் தலையாட்டலை என்னால் பொறுக்க முடியவில்லை.

டிராலியை அப்படியே நிறுத்தச் சொல்லிவிட்டு மேனேஜர் ரூமுக்குப் போனேன். கெட்டவர் இல்லை, உருதுவும் தமிழும் கலந்து தமாஷாகப் பேசுகிற பாய். ஆனால் இட விஷயத்தில் கறார். "ஆடிட்தான் முடிஞ்சிடுச்சே, இன்னும் இன்னா மேடம்?" என்றார்.

"கிரெச் நாளைக்கும் திறந்திருக்கணும் சார்."

"அப்ப கார்ட்டன் எங்க வெக்கிறது? என் தலை மேலயா?"

"என் ரூம்ல வைங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "தினமும் திறந்திருக்குன்னு ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டது நான் சார். மூணு வருஷமா பொய்யா போட்டேன். அடுத்த தடவை அப்படிப் போட மாட்டேன். அப்புறம் நீங்கதான் போடணும்" என்றேன். 

அவர் பேனாவை மூடி வைத்தார். "பால் குடுக்கப் போறப்ப மெஷின் சும்மா நிக்குமே?" என்றார். லீவு போடுகிறவர்களுக்குப் பதிலாக உட்காருகிற ஆளை அந்தப் பதினைந்து நிமிடம் உட்கார வைக்கலாம் என்றேன். "ஒரு மாசம். லைன்ல ஷூ கணக்கு குறைஞ்சா திருப்பி கார்ட்டன்தான்" என்றார். அது போதும் எனக்கு.

வெளியே வந்தால் பஸ் ஸ்டார்ட் ஆகியிருந்தது. அவளிடம் போன் கிடையாது. ஃபைலில் இருந்ததும் அவளைச் சேர்த்துவிட்ட காண்ட்ராக்டர் நம்பர்தான். செருப்பு அறுந்தாலும் பரவாயில்லை என்று ஓடினேன். ஷூ கம்பெனி ஆபீசர் செருப்பு அறுந்து ஓடியதை செக்யூரிட்டி இன்னும் சொல்லிச் சிரிப்பார். பஸ் படியில் ஏறி, மூச்சு வாங்க, "நாளைக்கும் குழந்தையைக் கூட்டிட்டு வாம்மா. நீ மட்டும் இல்ல, கைக்குழந்தை இருக்கிற யாரா இருந்தாலும்" என்றேன்.

பின் சீட்டிலிருந்து அவள் குரல் வந்தது.

"நாளைக்கும் ஆடிட்டா மேடம்?"

அந்தக் கேள்வியில் கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். அதற்கு மேல் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னால் அவளைத் திட்டினேனே, அத்தனை பேர் முன்னாலேயே, "அன்னைக்கு உன்னைச் சொன்னது தப்பும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் காலை ஏழு குழந்தைகள் வந்தன. இருந்தது மூன்று தொட்டில். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் நான் இரண்டு மாதம் வேலை பார்த்தேன். லைன் கணக்கும் குறையவில்லை. சொல்லப்போனால் லீவு போடுவது குறைந்தது. மேனேஜரே பின்னால் ஒரு ஷெட் போட்டுக் கொடுத்து, பெட்டிகளை அங்கே மாற்றினார்.

பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது, அங்கன்வாடி அட்டையை எடுத்துக்கொண்டு அவள் என் அறைக்கு ஓடி வந்தாள். ஆறு கிலோ. சிவப்பிலிருந்து மேலே ஏறிவிட்டிருந்தது. "உங்களாலதான் மேடம், ரொம்ப நன்றி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கிரெச் ரூம் சாவியை மூன்று வருடம் கைப்பையில் போட்டுக்கொண்டு, தாய்ப்பாலின் மகிமையை மைக்கில் பேசிக்கொண்டிருந்தவளுக்கு அவள் சொன்ன அந்த நன்றி, இன்றைக்கும் எந்தப் பெண்ணையும் பார்த்து, "ஏம்மா இப்படிப் பண்றே?" என்று கேட்க வாயெடுக்கும்போது என்னை ஒரு நிமிடம் நிறுத்திவிடுகிறது.