நயினாதீவுக்குப் பெண் பார்க்கப் போன மழைக்காலம்

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது தாண்டிய எனக்கு நயினாதீவில் ஒரு பெண் பேசினார்கள். ஐப்பசி மாதம், படகில் போகவேண்டும். அக்கா சாத்திரியாரிடம் நல்ல நாள் கேட்டாள். கைத்தொலைபேசியில் வானிலையும் பார்த்தாள். ‘தீவுப்பகுதிகளில் சீரான வானிலை’ என்றது. அந்தச் சீரான வானிலையில் குறிகட்டுவான் துறையில் வேட்டி நனைய நின்றோம். காற்றுக்குப் படகு ஓடவில்லை. அடுத்த நல்ல நாளுக்குக் ‘கடும் மழை’ என்றது. பயந்து வீட்டில் இருந்தோம். அன்றைய கடும் மழையில் அக்கா முற்றத்தில் மிளகாய் காயவைத்தாள்.

“மாப்பிளைக்கு விருப்பமில்லைப் போல. இந்தமுறையும் வராட்டி வேறை இடம் பாப்பம்” என்று பெண்வீட்டார் சொல்லி அனுப்பினார்கள்.

மூன்றாம் முறை எதையும் பார்க்காமல் புறப்பட்டேன். நடுக்கடலில் மழை கொட்டியது. சொட்டச் சொட்ட வாசலில் நின்ற எனக்குத் தலை துவட்டத் துவாய் கொண்டுவந்தது பெண்தான்.

“வானிலை கேட்டிட்டு வெளிக்கிட்டிருக்கலாமே?”

பெண்களோடு கதைக்க எனக்கு வாய் வராது. அன்று வந்தது.

“கேட்டுக் கேட்டுத்தான் ரெண்டு தரமும் வரேலாமப் போச்சு.”

அவள் சிரித்துவிட்டாள். “அப்ப இனிக் கேக்காதேங்கோ.”

இன்றைக்கும் ‘மழையில்லை’ என்கிறார்கள். அவள் கொடியில் காய்ந்த உடுப்புகளை அவசரமாக அள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

எழுதியது: கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் நாள்.